போதகரின் நிறை

நௌபர் காலை ஆறரைக்கே தராசோடு வந்துவிட்டார். கிண்ணியாவில் அவருடைய கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசு அது. பட்டா லொறியின் பின்பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். பக்கத்தில் இரண்டு சட்டி எருமைத் தயிர்.

“நோயாளி வந்திட்டன்,” என்று படலையில் நின்று குரல் கொடுத்தார். “எங்க படுக்கிற?”

“பிறகு படுங்கோ நானா. முதல் தராசை இறக்குவம்,” என்றாள் நிஷாந்தினி.

நௌபருக்கு நாற்பது வயது. காய்ச்சல், தடிமன் ஒன்றும் கிடையாது. இன்றைக்கு ஒரு நாள் நோயாளியாக இருக்கச் சம்மதித்திருந்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். கிண்ணியாப் பாலத்தை மேலே இருந்து பார்க்க வேண்டும்.

இன்றைக்கு நிஷாந்தினிக்குச் சோதனை. விமானம் ஓட்டும் உரிமம் அவளிடம் இருக்கிறது. சீனக்குடாவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் மூன்று வருடம் படித்து வாங்கியது. அதைக் காட்டிக் கொழும்புக்குப் போய், கோட்டுப் போட்டுக்கொண்டு பெரிய விமானத்தில் ஏறலாம். அவள் ஆசைப்பட்டது வேறு. பப்புவாவின் மலைகளுக்குள் ஒரு மிஷன் பத்துச் சின்ன விமானங்களை வைத்து ஓட்டுகிறது. அங்கே வீதி கிடையாது. நோயாளி, ஆசிரியர், உப்பு, வேதாகமம், கூரைத்தகடு எல்லாம் ஆகாயத்தால்தான் போகும். போய் இறங்கும் இடம் மலைச்சரிவில் ஒரு புல்தரை. நீளம் நானூற்றைம்பது மீற்றர். முடிகிற இடத்தில் பள்ளம்.

அந்த மிஷன் ஆள் எடுக்குமுன் ஒரு சோதகரை அனுப்பும். அவர் இந்தப் பக்கம் வருவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இன்று தேறினால் மாசியில் பயிற்சி தொடங்கும். தவறினால் இருபத்தாறு வயதில் மறுபடி இதே தராசு, இதே முற்றம்.

நிஷாந்தினி சம்பூரில் பிறந்தவள். யுத்த காலத்தில், ஐந்து வயதில், விமானச் சத்தம் கேட்டால் பங்கர் குழிக்குள் ஓடத் தெரிந்தவள். அவளுடைய அம்மா புஷ்பவதி இன்றும் சத்தம் கேட்டால் வெளியே நிற்க மாட்டாள். கப்பல்துறைக்கு வந்து பதினைந்து வருடம். விமானங்கள் அந்த வீட்டுக்கு மேலால்தான் தாழ்ந்து வரும். அம்மா ஒவ்வொரு முறையும் குசினிக்குள் போய்விடுவாள். மகளுடைய படிப்பைப் பற்றி அவள் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. “சாமான் கொண்டு போற பிளேன் எண்டா சரி.”

சோதகர் ஏழு மணிக்கு வந்தார். பெயர் சுகிர்தன். மட்டக்களப்புக்காரர், ஐம்பது வயது, பப்புவாவில் பதினெட்டு வருடம் ஓட்டியவர். சோதனை முடியும்வரை தான் ஒன்றும் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். “ம்” என்பார். அது ஓமா இல்லையா என்று தெரியாது.

சொல்ல வேண்டியதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். நீ ஒரு மலைக்கிராமத்தில் நிற்கிறாய். இரண்டு பயணிகள். ஒருவர் நோயாளி, மூன்று நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றவர் போதகர், மாநாட்டுக்குப் போகிறார். சோதகர் உன் பக்கத்துக் கதிரையில். மூவருக்கும் ஆளுக்கொரு பை. எவ்வளவு ஏற்றலாம் என்பதை நீயே பார்த்துக்கொள்.

வெயில், காற்று, எரிபொருள் எல்லாம் போட்டுப் பார்த்தாள். ஆட்களும் பைகளும் சேர்ந்து இருநூற்று எழுபத்தைந்து கிலோ. அதற்கு மேல் ஒரு கிலோவும் ஏலாது.

தராசை முற்றத்தில் சமமான இடம் பார்த்து வைத்தார்கள். முதலில் அவள் ஏறினாள். ஐம்பத்து நான்கு. சுகிர்தன் சப்பாத்தோடு எழுபத்திரண்டு. நௌபர் வயிற்றைப் பிடித்து முனகிக்கொண்டே ஏறினார். அறுபத்தொன்று.

“மூண்டு நாள் காய்ச்சல்ல இவ்வளவு இரிக்கிறதே பெரிய விசயம்,” என்றார்.

ஆண்கள் இருவரின் பைகளும் ஒவ்வொன்றும் மூன்று கிலோ. அவள் எழுதிக்கொண்டாள்.

அப்போது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. போதகர் ஞானசீலன். போதகர் வேடத்துக்கு ஆள் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டதும் தானே வருவதாகச் சொல்லிவிட்டார். ஞாயிறு ஆராதனையில் அறிவித்தலும் கொடுத்திருந்தார், புதன்கிழமை பறக்கப் போவதாக. நல்ல மனிதர், சிரித்த முகம். அவளைப் பற்றி மிஷனுக்குக் கடிதம் எழுத வேண்டியவரும் அவர்தான். எழுதி வைத்துவிட்டாராம். சோதனை முடிந்ததும் கையெழுத்துப் போடுவாராம்.

அம்மா உள்ளே இருந்து கதிரை கொண்டு வந்து போட்டாள். போதகர் இருந்தார். கதிரை கிரீச்சிட்டது.

“ஐயா,” என்றாள் நிஷாந்தினி. தராசைப் பார்த்தாள். தராசில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. “ஐயாவின்ர நிறை…”

“எழுபத்தெட்டு,” என்றார் போதகர். “குருப்பட்டம் எடுத்த நாளில இருந்து அதே எழுபத்தெட்டு, மகள். கர்த்தருடைய கிருபை.”

நௌபர் வானத்தைப் பார்த்தார். சுகிர்தன் “ம்” என்றார்.

ஞானஸ்நானம் கொடுத்த மனிதரை அரிசித் தராசில் ஏறு என்று எப்படிச் சொல்வது? நிஷாந்தினி எழுபத்தெட்டு என்று எழுதினாள். அவருடைய பையைத் தராசில் வைத்தாள், மூன்று கிலோ. எல்லாவற்றையும் கூட்டினாள். இருநூற்று எழுபத்து நான்கு. ஒரு கிலோ மிச்சம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

பிறகு சாப்பாடு. பிட்டு, நண்டுக் குழம்பு, முட்டைப் பொரியல், தயிர். அவளுக்கு இறங்கவில்லை. படலைக்கு வெளியே போய் நின்று, கைத்தொலைபேசியில் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. “இன்னும் கொஞ்சம் போடட்டா ஐயா?” போதகர் போட வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

சீனக்குடா ஓடுபாதை இரண்டு கிலோமீற்றருக்கு மேல். சுகிர்தன் அதில் நானூற்றைம்பதாவது மீற்றரில் ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தார். கொடிக்கு அப்பால் பள்ளம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பாதி வழியில் ஒரு மஞ்சள் கொடி. அந்தக் கொடியைத் தாண்டும்போது வேகம் காட்டும் முள் முப்பத்தெட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் விமானம் பள்ளத்துக்கு முன் எழும்பாது.

வேலிக்கு வெளியே மாதர் சங்கத்தார் எட்டுப் பேர் குடை பிடித்து நின்றார்கள். எட்டுக் கைத்தொலைபேசிகளும் தயார். போதகர் கையசைத்தார். நௌபரை நோயாளி என்பதால் பயிற்சிப் பள்ளியின் நாலு கதிரை விமானத்தில் பின்னால் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். அவர் ஏறும்போது “உம்மா” என்று ஒரு சத்தம் போட்டார்.

“நடிச்சது காணும் நானா,” என்றாள் நிஷாந்தினி.

“உள்ள வருத்தம் உனக்குத் தெரியுமா புள்ள?”

போதகர் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். பட்டியைப் பூட்ட நேரம் எடுத்தது. கடைசி முனைவரை இழுக்க வேண்டியிருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் முன்னால் திரும்பினாள்.

கட்டுப்பாட்டுக் கோபுரம் போகலாம் என்றது. அவள் முழு விசையும் கொடுத்தாள். இயந்திரம் இரைந்தது. விமானம் ஓடத் தொடங்கியது.

ஓட்டம் சோம்பலாக இருந்தது. அதைக் கால்களில் உணர்ந்தாள். இருபது. இருபத்தெட்டு. முப்பத்திரண்டு. மஞ்சள் கொடி வந்துகொண்டிருந்தது.

முப்பத்தைந்து.

கொடி.

முன்னால் இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் தார் கிடந்தது, நேராக, வெறுமையாக. இந்த விமானம் எழும்பும். இன்னும் கொஞ்சம் ஓடினால் சுகமாக எழும்பும். எட்டுத் தொலைபேசிகளும் அதைப் படம் பிடிக்கும். பள்ளம் இல்லை, ஒரு துண்டுச் சிவப்புத் துணிதான் இருக்கிறது. சுகிர்தன் சன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் விசையைக் குறைத்தாள். தடுப்பை மிதித்தாள். எல்லோரும் முன்னால் சாய்ந்து பின்னால் விழுந்தார்கள். சிவப்புக் கொடிக்கு இப்பால் விமானம் நின்றது.

“வந்திட்டமா?” என்றார் நௌபர், கண்ணை மூடியபடி.

“இல்லை நானா. வெளிக்கிடவே இல்லை.”

திரும்பி வந்து இயந்திரத்தை நிறுத்தினாள். உள்ளே சூடு ஏறியது. சுகிர்தன் மடியில் வைத்திருந்த தாளில் ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார்.

“நிறை பிழை,” என்றாள் அவள். “எல்லாரும் இறங்குங்கோ. திரும்ப நிறுப்பம்.”

“ம்,” என்றார் சுகிர்தன்.

நௌபர் நோயை மறந்து ஓடிப்போய், தராசோடு வாசலில் நின்ற பட்டாவைக் கொண்டு வந்தார். தராசை நிழலில் வைத்தார்கள். முதலில் பைகள். சுகிர்தனின் பை மூன்று கிலோ இருந்தது, இப்போது ஆறு. நௌபரின் பை ஏழு. போதகரின் பையும் ஏழு.

திறந்து பார்த்தாள். மூன்றிலும் வாழையிலையில் சுற்றிய பிட்டு, ஒரு போத்தல் இறால் ஊறுகாய், ஒரு பைக்கற் இடியப்ப மா. நௌபருக்கும் போதகருக்கும் மேலதிகமாக முருங்கைக்காய். நௌபரின் தயிரே இரண்டு பங்காகப் பிரிந்து இரண்டு பைகளுக்குள் திரும்பி வந்திருந்தது.

அவள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அம்மா, பையளுக்குள்ள சாமான் வைச்சனீங்களா?”

“ஓம். ஏன், காணாதா?”

“நான் நிறுத்து வைச்சிருந்தனான் அம்மா!”

“நீ நிறுத்தது வெறும் பை. வீட்டுக்கு வந்த சனத்தை வெறும் பையோட அனுப்பச் சொல்லுறியா? அதுவும் மேல போற சனத்தை?”

நிஷாந்தினி தொலைபேசியை வைத்தாள். பதினொரு கிலோ. நௌபர் சாமான்களைப் பட்டாவில் ஏற்றத் தொடங்கினார்.

“அவ்வளவுதானே? இறக்கியாச்சு. வாங்க போவம்.”

அவள் அசையவில்லை. அந்தச் சோம்பல் பதினொரு கிலோவின் சோம்பல் இல்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். அதில் ஏழு எண்கள். ஆறு எண்களை அவள் தராசில் கண்ணால் பார்த்திருந்தாள். ஒன்றைக் காதால் கேட்டிருந்தாள்.

“ஐயா,” என்றாள். “நீங்கள் ஒருக்கா ஏறுங்கோ.”

போதகரின் சிரிப்பு அப்படியே நின்றது. “நான் சொன்னனே மகள்.”

“நீங்கள் சொன்னீங்கள் ஐயா. தராசு சொல்லேல்லை. காலமையே கேட்டிருக்க வேணும். கேட்க வெக்கப்பட்டிட்டன். பிழை என்னில.”

வேலிப் பக்கம் எட்டுத் தொலைபேசிகளும் இன்னும் உயர்ந்துதான் இருந்தன. போதகர் அவற்றுக்கு முதுகு காட்டித் தராசில் ஏறினார். முள் எழுபத்தெட்டில் நிற்கும் எண்ணமே இல்லாமல் தாண்டிப் போனது. தொண்ணூற்றெட்டு.

“சப்பாத்து,” என்றார் போதகர். கழற்றினார். தொண்ணூற்றேழு.

“பொக்கற்றில வேதாகமம் இருக்கு.” அதையும் எடுத்து நௌபரிடம் கொடுத்தார். தொண்ணூற்றாறு.

இனிக் கழற்ற ஒன்றும் இல்லை.

“ஹஸ்ரத், முந்தி நிறுத்தது எப்ப?” என்றார் நௌபர் மெதுவாக. பள்ளிவாசல் மௌலவியை அப்படித்தான் கூப்பிடுவார்; போதகரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாது.

“பட்டம் எடுத்த நாள்,” என்றார் போதகர்.

நிஷாந்தினி கூட்டிப் பார்த்தாள். பைகள், சப்பாத்து, வேதாகமம் எல்லாம் விட்டாலும் எட்டுக் கிலோ கூட. ஒருவர் நிற்க வேண்டும்.

யார் என்று அவள் சொல்லுமுன் எல்லோரும் முடிவெடுத்துவிட்டார்கள். நௌபர் தன் பையைத் தோளில் போட்டார். “நான் நிக்கிறன் தங்கச்சி. ஹஸ்ரத் போகட்டும். அந்தப் பொம்புளயள் எல்லாம் வெயிலுக்க நிக்கிறாங்க. பாலம் எங்க போகப் போகுது? நான் ஒவ்வொரு நாளும் அதிலதானே போற.”

போதகர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சப்பாத்தைப் போடத் தொடங்கினார். அவள் தலையாட்டினால் போதும். கடிதத்தில் கையெழுத்து விழும். ஞாயிற்றுக்கிழமை அறிவித்தல் பொய்க்காது. நௌபர் கோபப்படவும் மாட்டார்.

அவள் சுகிர்தன் கொடுத்த தாளை மறுபடி படித்தாள். மூன்று நாள் காய்ச்சல்.

“நானா, நீங்கள் ஏறுங்கோ,” என்றாள். “நீங்கள் நோயாளி.”

“எனக்கென்ன புள்ள, நான் கல்லுக் கணக்கா இரிக்கிறன்.”

“தாளில நீங்கள் சாகக் கிடக்கிறீங்கள். ஐயா மாநாட்டுக்குப் போறார். மாநாடு நாளைக்கும் நடக்கும்.” போதகரின் பக்கம் திரும்பினாள். “ஐயா, நீங்கள் நில்லுங்கோ. உங்களை ஏத்தேலாது.”

போதகர் ஒரு சப்பாத்தோடு நின்றார். முகம் சிவந்திருந்தது. வேலியைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த தன் பையைப் பார்த்தார்.

“நோயாளியை இறக்கிப் போட்டு நான் ஏறப் பார்த்திருக்கிறன்,” என்றார். “அதுவும் மாதர் சங்கத்துக்கு முன்னால.” பிறகு மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார். அங்கே போய் என்ன சொன்னாரோ, எட்டுக் குடைகளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன.

இரண்டாம் முறை மஞ்சள் கொடியில் முள் நாற்பத்தொன்றில் நின்றது. சிவப்புக் கொடி வருமுன் சக்கரங்கள் தரையை விட்டன.

துறைமுகம் கீழே விரிந்தது. நௌபர் முனகுவதை நிறுத்தியிருந்தார். கிண்ணியாப் பாலம் தெரிந்ததும் வாய் திறந்தார்.

“அல்லாஹ்! அந்தா என்ட கடை! கூரைத்தகடு முழுக்கத் துரு! போன வருசம்தானே புள்ள போட்ட!”

சுகிர்தனின் தோள் குலுங்கியது. சட்டப்படி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கொட்டியாரக் குடாவைக் கடந்து சம்பூர்வரை போனார்கள். வயல், ஒரு குளம், தென்னை. முற்றங்களில் ஆட்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. ஒரு பெண் துவைத்த சேலையை உதறிக்கொண்டே பார்த்தாள். நிஷாந்தினி இறக்கையை ஒருமுறை சாய்த்துவிட்டுத் திரும்பினாள்.

இறங்கும்போதும் அதே கொடிகள்தான். ஓடுபாதையின் தொடக்கத்திலேயே சக்கரத்தைப் பதித்தாள். சிவப்புக் கொடிக்கு அறுபது மீற்றர் இருக்கும்போது நின்றுவிட்டாள்.

சுகிர்தன் காதுக்கருவியைக் கழற்றினார். சோதனை முடிந்தது. இனி அவர் பேசலாம்.

“நீங்கள் நிறுக்காமல் போட்ட நிறையை இந்தத் தாளில எழுதியிருக்கிறன்,” என்றார். “அது பெரிய பிழை. மலையில எண்டா நாலு பிரேதம். என்ர பை பாரம் கூடினது எனக்குத் தூக்கேக்கையே தெரியும். சொல்லுறது என்ர வேலை இல்லை.”

“ஓம் சேர்.”

“கொடியில நிண்டதையும் எழுதியிருக்கிறன். முன்னால அவ்வளவு தார் கிடக்க நிண்டதை. அதுக்குப் பிறகு நடந்ததை எழுத இந்தத் தாளில இடம் இல்லை. அங்க வந்தா உங்களுக்கு ஒவ்வொரு நாளும் இதுதான் வேலை. ஊர்த்தலைவரை இறக்கோணும், பன்றி வாங்கின ஆளை இறக்கோணும், பிஷப்பையும் இறக்கோணும். ஓட்டப் பழக்கலாம். இதைப் பழக்கிறது கஷ்டம்.” கதவைத் திறந்தார். “மாசி பத்தாம் திகதி தொடங்குது. குளிருக்கு ஏதும் உடுப்பு எடுத்து வாங்கோ.”

சொல்லிக்கொண்டே அவர் கீழே இறங்கினார்.

“சேர், எங்க போறீங்கள்?”

“இனி நான் இருக்கத் தேவையில்லை. எழுபத்திரண்டு கிலோ இடம் இருக்கு. கொடியை நான் பிடுங்கப் போறன். அந்த மனுசன் வேலியடியில அரை மணித்தியாலமா நிக்கிறார்.”

நிஷாந்தினி கணக்குப் பார்த்தாள். ஐம்பத்து நான்கு, அறுபத்தொன்று, தொண்ணூற்றாறு. சப்பாத்துக்கும் வேதாகமத்துக்கும் இன்னும் இரண்டு. இருநூற்றுப் பதின்மூன்று. தாராளம்.

“நோயாளி இறங்கிறாரா?” என்று பின்னால் பார்த்துக் கேட்டாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொகமாயிட்டன்,” என்றார் நௌபர், பட்டியை இறுக்கிக்கொண்டு. “இப்ப ஊருக்குத் திரும்பிப் போற. அதுக்கும் பிளேன் விடோணும்தானே?”

போதகர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஒன்றும் இல்லை. “பாத்தியா மகள், வெறுங்கை,” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். முன் கதிரையில் ஏறி இருந்தார். அவள் காதுக்கருவியை அவர் தலையில் மாட்டி, வாய்க்கருவியைச் சரி பார்த்தாள்.

விமானம் ஓடியது. எழும்பியது. எட்டுக் குடைகளும் கீழே போயின. போதகர் கதிரையின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்தார். பிறகு கண்ணை மூடினார். பிரசங்கப் பீடத்தில் நிற்கும் குரலில், முழுச் சத்தத்தில், ஜெபம் பண்ணத் தொடங்கினார். வானத்தையும் பூமியையும் படைத்தவரை அழைத்தார். சமுத்திரத்தை அழைத்தார். அவளை, அவளுடைய தாயை, நௌபரை, நௌபரின் கூரைத்தகட்டை ஆசீர்வதிக்கும்படி கேட்டார். நிஷாந்தினியின் காதுக்குள் அது மட்டும்தான் கேட்டது. அதற்கு அடியில் எங்கேயோ கட்டுப்பாட்டுக் கோபுரம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“ஐயா,” என்றாள்.

ஜெபம் நிற்கவில்லை.

“ஐயா, கொஞ்சம் வாயை மூடுங்கோ. டவர் கதைக்குது.”

போதகர் வாயை மூடினார்.